இன்னொருவர் பார்த்த கோடு

மூன்றாண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையின்போது எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு விரிசல் கண்டது. ஜன்னலின் மேல்மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி உத்தரத்தை நோக்கிப் போயிற்று. வழக்கமாக வரும் கொத்தனார் சுவரை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "அடித்தளமே எறங்கிடுச்சு சார், இந்தப் பக்கத்தை இடிச்சுட்டு பில்லர் போட்டுத்தான் எழுப்பணும்" என்றார். அவர் சொன்ன தொகை என் ஓராண்டுச் சேமிப்பு. அதே பதினைந்து நாட்களுக்குள், கண்புரை அறுவைக்கு முன்னதாக அப்பாவுக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். காகிதத்தின் தலைமாட்டில் இயந்திரமே அச்சடித்திருந்தது: பழைய மாரடைப்பு இருந்திருக்கலாம். எழுபத்து நான்கு வயதுவரை நெஞ்சு வலிக்கிறது என்று ஒருநாளும் சொல்லாதவர் அப்பா. கண் அறுவை தள்ளிப்போடப்பட்டது. ஆஞ்சியோ செய்துவிடுவது நல்லது என்றார்கள்.

இன்னொருவரிடம் காட்டலாம் என்று நான் சொன்னபோது அப்பா தயங்கினார். பணமோ அலைச்சலோ அல்ல காரணம். "மொதல்ல பாத்த டாக்டர் மனசுல என்ன நெனப்பார்?" என்றார். கொத்தனார் விஷயத்திலும் அதே பேச்சுதான்; இருபது வருடமாக வீட்டுக்கு வந்துபோகிறவரை நம்பாமல் வேறு ஆளைக் கூப்பிடுவதா? இந்தத் தயக்கம் எனக்குப் புதிதல்ல என்றாலும் அப்போதுதான் அதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். நிபுணர் ஒருவர் சொன்னபிறகு மற்றொரு நிபுணரைக் கேட்பது அவமரியாதை என்ற எண்ணம் மனிதகுலத்தில் ஆழமாக வேரோடியிருக்கிறது. அதை மீறிய சில சந்தர்ப்பங்கள் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. அவற்றுள் மிகப் பிரசித்தமானது ஒரு விரிசலைப் பற்றியது. என் வீட்டு விரிசலைவிடச் சற்றே பெரியது.

ரோமின் புனித பீட்டர் பேராலயத்தின் கோபுரக் குவிமாடம் மைக்கேலாஞ்சலோவின் திட்டத்திலிருந்து பிறந்தது. அவர் 1564இல் இறந்தபோது குவிமாடத்தைத் தாங்கும் உருளைச் சுவர்தான் எழும்பியிருந்தது. ஏறத்தாழ 42 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தை வடிவத்தில் சில மாற்றங்களுடன் கட்டி முடித்தவர் ஜாக்கமோ டெல்லா போர்த்தா. 1588 முதல் 1590 வரை, இரண்டாண்டுகூட ஆகாத அவசரத்தில் வேலை நடந்தது. கல்லின் வெளித்தள்ளலைக் கட்டுப்படுத்த இரண்டு இரும்பு வளையங்களை உள்ளே பதித்தார்கள். அடுத்த நூற்றாண்டிலேயே விரிசல் பற்றிய பேச்சு எழுந்துவிட்டது. தாங்குதூண்களில் பெர்னினி செய்த வேலைகளே காரணம் என்று ஒரு தரப்பு பழி சொல்லியது, மற்றொரு தரப்பு அவருக்காக வாதாடியது. 1740களின் தொடக்கத்தில் விரிசல்கள் குவிமாடத்தின் உச்சியை நோக்கி, ஆரஞ்சுச் சுளைகளைப் பிரிக்கும் கோடுகளைப்போல் ஓடின. கோபுரம் விழப்போகிறது என்று நகரமே பேசியது.

அப்போது போப்பாக இருந்தவர் பதினான்காம் பெனடிக்ட். கட்டடக்காரர்களின் விவகாரமாகவே அதுவரை இருந்ததில் அவர் ஒரு புதுமை செய்தார்: மூன்று கணிதவியலாளர்களைக் கேட்டார். தாமஸ் லெ ஸ்யூர், பிரான்ஸ்வா ஷாக்கியே இருவரும் பிரெஞ்சுத் துறவிகள். நியூட்டனின் பிரின்சிபியாவுக்கு விரிவான குறிப்புகளுடன் பதிப்புக் கொண்டுவந்தவர்கள். மூன்றாமவர் ருட்ஜெரோ போஸ்கோவிச், இன்றைய துப்ரோவ்னிக்கில் பிறந்த ஏசுசபைத் துறவி. மூவரும் எழுதிய அறிக்கையின் தலைப்பு 'மூன்று கணிதர்களின் கருத்து' என்று பொருள்படுவது. தீர்ப்பு என்றோ முடிவு என்றோ அவர்கள் அதற்குப் பெயரிடவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவர்கள் செய்தது அதற்குமுன் எவரும் செய்யாதது. குவிமாடம் எப்படிப் பிளந்து வெளிப்புறமாகச் சாய்கிறது என்று ஒரு சித்திரத்தை மனத்தில் வரைந்துகொண்டு, அந்த அசைவில் எடை எவ்வளவு கீழிறங்கும், இரும்பு வளையம் எவ்வளவு நீளும் என்று கணக்கிட்டார்கள். இரும்பு எவ்வளவு இழுவிசை தாங்கும் என்பதற்கு டச்சு இயற்பியலாளர் முஸ்ஸன்புரூக்கின் பரிசோதனை அளவுகளை எடுத்துக்கொண்டார்கள். (இந்தப் பெயரையும் அவருடைய ஊரையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.) முப்பது இலட்சம் ரோமன் பவுண்டுக்கு மேற்பட்ட தள்ளுவிசை தாங்குவாரின்றி நிற்கிறது என்று விடை வந்தது. மேலும் இரும்பு வளையங்கள் போட்டாக வேண்டும் என்றார்கள்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. மைக்கேலாஞ்சலோ கணிதம் தெரியாமலே இதை எழுப்பினாரே, கணிதம் இல்லாமலே பழுதுபார்க்கவும் முடியாதா என்று கேட்டவர்கள் உண்டு. இது கேலி. ஆனால் மற்றொரு ஆட்சேபம் கேலியல்ல: அவர்கள் கணக்கு சரியென்றால் குவிமாடம் கட்டிய அன்றே விழுந்திருக்க வேண்டும், நூற்றைம்பது ஆண்டுகளாக நிற்கிறதே, எப்படி? இதற்கு மூவரிடமும் திருப்தியான பதில் இல்லை.

1743இல் போப் பாதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜியோவான்னி பொலேனியை அழைத்தார். பொலேனி செய்த காரியம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது. முதல் மூவரின் கணக்கில் பிழைதேடிக்கொண்டு அவர் உட்காரவில்லை. கேள்வியையே மாற்றினார். குவிமாடம் எப்படி விழும் என்று அவர்கள் கேட்டார்கள். இது எப்படி நிற்கிறது என்று இவர் கேட்டார். ராபர்ட் ஹூக் 1675இல் எழுத்துப் புதிராக வெளியிட்ட ஓர் உண்மை உண்டு: இரு முனைகளில் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலி எந்த வளைவில் தொங்குகிறதோ, அதைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவே கல்வளைவு நிற்கத் தகுந்த வடிவம். பொலேனி குவிமாடத்தை ஐம்பது சுளைகளாகப் பிரித்துக்கொண்டார். ஒரு சுளையின் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் எடைக்கேற்ற ஒரு குண்டைக் கோத்து நூலில் தொங்கவிட்டார். அந்த வளைவைத் தலைகீழாக்கிக் குவிமாடத்தின் குறுக்குவெட்டுப் படத்தின்மேல் வைத்தபோது, அது முழுக்கவும் சுவரின் கனத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது. அதாவது, ஒவ்வொரு சுளையும் தனித்தனியே நிற்கும் வல்லமை உடையது. சுளைகளைப் பிரிக்கும் விரிசல்களால் கோபுரம் விழாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மருந்து மாறவில்லை. வளையங்கள் போடுவது நல்லது என்றுதான் பொலேனியும் சொன்னார். கட்டடக் கலைஞர் வான்விதெல்லியின் மேற்பார்வையில் 1743-44இல் ஐந்து வளையங்கள் பூட்டப்பட்டன. பிற்பாடு, ஆதியில் பதித்த வளையங்களில் ஒன்று அறுந்துகிடப்பது தெரியவந்து, 1748இல் ஆறாவதும் சேர்ந்தது. அப்படியானால் இரண்டாம் கருத்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். நோய் இன்னது என்று தெரிந்தது. கோபுரத்தை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்ற பீதியிலிருந்து, எப்படிப் பராமரிப்பது என்ற நிதானத்துக்கு வர முடிந்தது. 1988இல் கேம்பிரிட்ஜ் பொறியியலாளர் ஜாக் ஹேமன் இந்தச் சிக்கலை மறுபடி எடுத்து ஆராய்ந்து பொலேனியின் பக்கமே நின்றார். எனினும் அந்த மூவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் தம் கணக்கை முழுமையாக அச்சிட்டு வெளியிட்டிருக்காவிட்டால் பொலேனிக்கு மறுத்துப் பேச ஒன்றும் இருந்திராது. காரணம் சொல்லாத கருத்தை மறுபரிசீலனை செய்ய இயலாது. எங்கள் கொத்தனாரிடம் எனக்கு இருந்த இடர்ப்பாடும் அதுவே.

முஸ்ஸன்புரூக்கின் ஊர் லைடன். 1746இல் அங்கே அவருடைய ஆய்வுக்கூடத்தில்தான் மின்சாரத்தைச் சேமிக்கும் 'லைடன் ஜாடி' உருவாகி, தொட்டவரைத் தூக்கியடித்தது. அதே லைடனில், ஒன்றரை நூற்றாண்டு கழித்து, வில்லெம் ஐன்தோவன் என்ற பேராசிரியர் மனித இதயத்தின் மின்சாரத்தை அளக்க முயன்றுகொண்டிருந்தார். அவர் பிறந்தது 1860இல், ஜாவாவின் செமராங்கில்.

இதயத்தின் மின்துடிப்பை உடலின் மேற்பரப்பிலிருந்தே பதிவுசெய்ய முடியும் என்று 1887இல் லண்டனில் காட்டியவர் அகஸ்டஸ் வாலர். தம் வளர்ப்பு நாய் ஜிம்மியின் கால்களை உப்புநீர்க் கண்ணாடிப் பாத்திரங்களில் நிற்கவைத்து அவர் செய்துகாட்டிய சோதனை 1909இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மிருகவதை என்று கேள்வியாக எழுந்தது. கேள்வி கேட்ட உறுப்பினர் கடலோரத்தில் கால் நனைத்தவரானால் அந்த நாயின் அனுபவம் அவருக்கும் புரியும் என்கிற தோரணையில் உள்துறை அமைச்சர் பதில் சொன்னார். இந்தப் பதிவுகள் மருத்துவமனைகளில் பெரிதாகப் பயன்படும் என்று வாலர் நினைக்கவில்லை. நினைத்தவர் ஐன்தோவன்.

ஆனால் அவர் கையிலிருந்த பாதரசக் கருவி சிற்றதிர்வையும் தாங்காதது. ஆய்வுக்கூடமோ பழைய கட்டடம். கற்கள் பாவிய தெருவில் குதிரை வண்டி போனாலே பாதரசம் ஆடும். ஐன்தோவன் தரையைப் பெயர்த்துப் பத்துப் பதினைந்து அடி ஆழத்துக்குத் தோண்டிப் பாறைகளைப் போட்டு நிரப்பிப் பார்த்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுவார்கள். ஆட்டம் நிற்கவில்லை. கட்டடத்தைத் திருத்துவதில் தோற்றபின்தான் கருவியையே மாற்றத் துணிந்தார். உருகிய குவார்ட்ஸை அம்பின் நுனியில் ஒட்டி எய்து, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிழையாக இழுத்து, வெள்ளி பூசி, பெரிய மின்காந்தத்தின் இடையே தொங்கவிட்டார். 1901 தொடங்கி அவர் வெளியிட்ட 'இழை கால்வனோமீட்டர்' சுமார் 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். இன்று சட்டைப்பையில் அடங்கும் கருவிகூட அந்தக் கோட்டின் மேடுபள்ளங்களுக்கு அவர் வைத்த பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற பெயர்களையே பயன்படுத்துகிறது. 1924இல் நோபல் பரிசு கிடைத்தது.

கருவியை நோயாளியிடம் கொண்டுபோக வழியில்லை. நோயாளியைக் கருவியிடம் கொண்டுவருவதும் எளிதல்ல. ஆகவே ஆய்வுக்கூடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனைக்குத் தொலைபேசிக் கம்பி இழுத்தார். 1905 மார்ச் 22 அன்று முதல் பதிவு வந்தது. கம்பியின் மறுமுனையில் இருந்தவர் ஆரோக்கியமான ஒரு மனிதர். அவருடைய 'ஆர்' சிகரங்கள் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தன. அவர் ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைவரை சைக்கிள் மிதித்துப் போனதே காரணம் என்று விளக்கம் எழுதினார்கள். தொலைவிலிருந்து வந்த முதல் ஈ.சி.ஜி.யே, காகிதத்தை மட்டும் பார்க்காமல் ஆளையும் விசாரித்துப் படிக்கப்பட்டது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அடுத்த சம்பவம் பாஸ்டனில். 1928 ஏப்ரலில் பால் டட்லி ஒயிட்டிடம் முப்பத்தைந்து வயது உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் வந்தார். திடீர் திடீரென்று படபடப்பு, மற்றபடி திடகாத்திரமானவர். அவருடைய வரைவு மட்டும் இதயத்தின் மின்பாதையில் பெரும் பழுது இருப்பதுபோல் காட்டியது. ஆனால் உடற்பயிற்சி செய்தவுடன் அந்தப் 'பழுது' மறைந்து கோடு இயல்பாகிவிட்டது! நோயுற்ற இதயம் அப்படிச் செய்யாது. ஒயிட் அக்காலத்து அமெரிக்காவின் முன்னணி இதய மருத்துவர். அவர் சொன்னால் மறுக்க ஆளில்லை. அவரோ காகிதத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். வியன்னாவில் காட்டினார், லண்டனில் காட்டினார். லண்டனில் ஜான் பார்க்கின்சன் தம் பழைய கோப்புகளைத் துழாவி, அதேபோல் ஏழு வரைவுகளைக் கண்டெடுத்தார். இவர்களுடையதையும் சேர்த்துப் பதினொன்று. 1930இல் லூயி வுல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தக் குறைபாடு மூவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

அதுவரை பார்க்கின்சனின் அலமாரியில் அந்த ஏழு பேரும் தனித்தனிப் புதிர்களாகக் கிடந்திருக்கிறார்கள். ஏழையும் ஒன்றாகப் பார்க்க அட்லாண்டிக்கைத் தாண்டி ஒரு எட்டாவது காகிதம் வரவேண்டியிருந்தது. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே பிறவியிலேயே அமைந்த ஒரு குறுக்குப்பாதையே காரணம் என்பது பின்னால் தெளிவாயிற்று. கதை இத்துடன் சுபமாக முடியவில்லை. தொடக்கத்தில் தீங்கற்றது என்று கருதப்பட்ட இது, சிலருக்கு உயிராபத்தாகவும் கூடும் என்று பிற்கால மருத்துவர்கள் கண்டார்கள். 1968இல் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் வில் சீலி ஒரு மீனவரின் இதயத்தைத் திறந்து அந்தக் குறுக்குப்பாதையை வெட்டிக் குணப்படுத்தினார். ஆறுதல் தந்த இரண்டாம் கருத்துக்கும் மூன்றாவது ஒன்று தேவைப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டாவது ஆள் பார்த்தாலே போதும் என்று நினைப்பவர்கள் நியூயார்க்கில் 1934இல் நடந்ததை அறிய வேண்டும். அங்கே பள்ளிச் சிறுவர் ஆயிரம் பேரைப் பரிசோதித்தார்கள். 611 பேருக்கு டான்சில் ஏற்கனவே அகற்றப்பட்டிருந்தது. மீதி 389 பேரை மருத்துவர்கள் பார்த்து 174 பேருக்கு அறுவை வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று விடப்பட்ட 215 பேரை, அதைச் சொல்லாமல், வேறு மருத்துவர்களிடம் காட்டினார்கள். 99 பேருக்கு வேண்டும் என்று வந்தது. எஞ்சிய 116 பேரை மூன்றாவது முறை காட்டியதில் 51 பேருக்கு வேண்டும்! தப்பியவர்கள் 65 குழந்தைகள். மேற்கொண்டு காட்ட மருத்துவர்கள் இல்லாததால் தப்பினார்கள். ஒவ்வொரு முறையும் விகிதம் ஏறத்தாழ நாற்பத்தைந்து சதவீதம். அவர்கள் குழந்தையின் தொண்டையைப் பார்க்கவில்லை, தங்கள் பழக்கத்தைப் பார்த்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பொலேனி வேறு மனிதர் என்பதற்காக அல்ல, வேறு கேள்வி கேட்டார் என்பதற்காகவே அவர் கருத்துக்கு மதிப்பு.

ஈ.சி.ஜி.யும் இதற்கு விலக்கல்ல. 1958இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வில், நூறு வரைவுகளை அனுபவமிக்க பல மருத்துவர்களிடம் தனித்தனியே கொடுத்தார்கள். எல்லோரும் ஒரே முடிவைச் சொன்னவை பாதிக்கும் மிகக் குறைவு. சில நாள் கழித்து அதே காகிதங்களை அதே மருத்துவர்களிடம் கொடுத்தபோது பலர் தம்மோடு தாமே முரண்பட்டார்கள்.

பாஸ்டன் அருகே பெர்னார்ட் லவுன் நடத்திய மருத்துவக் குழு இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது. பைபாஸ் அறுவை வேண்டும் என்று வேறிடத்தில் சொல்லப்பட்டு, இரண்டாம் கருத்துக்காக அங்கு வந்த 88 பேரைப் பற்றி தாமஸ் கிராபாய்ஸ் முதலியோர் 1987இல் எழுதினார்கள். 74 பேருக்கு அப்போது அறுவை தேவையில்லை என்று அவர்கள் கூறினர். அதை ஏற்று மருந்துகளோடு இருந்தவர்கள் 60 பேர். இரண்டாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்ததில் அந்த 60 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. 1992இல் ஆஞ்சியோகிராம் பற்றி அதேபோல் ஆராய்ந்தார்கள்: 168 பேரில் 134 பேருக்கு அவசியமில்லை என்றார்கள். லவுன் குழுவுக்கு அறுவையின்மேல் ஐயம் அதிகம் என்பதையும் சொல்லவேண்டும். அங்கே தேடிப்போனவர்கள் அத்தகைய பதிலை எதிர்பார்த்தே போயிருக்கவும் கூடும். ஆனாலும் இறப்பைப் பற்றிய கணக்கில் விருப்பு வெறுப்புக்கு அதிக இடமில்லை.

இயந்திரத்தின் கருத்துக்கு வருகிறேன். 2004இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு இது. இதயத்தின் மேலறை ஒழுங்கற்றுத் துடிப்பதாக கணினி அச்சடித்த 2,298 வரைவுகளை மனிதர்கள் திரும்பப் படித்தார்கள். 442 தவறு. அந்தத் தவறுகள் 382 நோயாளிகளுடையவை. அவர்களில் 92 பேருக்கு மருத்துவரும் திருத்தவில்லை. சிலர் தேவையற்ற மருந்துகளையும் உட்கொண்டார்கள். காகிதத்தின் தலைமாட்டில் அச்சில் இருப்பதை மறுத்து அடியில் பேனாவால் எழுதுவதற்கு ஒரு துணிவு வேண்டியிருக்கிறது. கையெழுத்தைவிட அச்செழுத்தை நம்பும் நம் வழக்கம் ஏட்டுச்சுவடிக் காலத்துக்குப் பின் வந்த கோளாறோ என்னவோ.

அப்பாவைக் கடைசியில் அழைத்துப்போனேன். இரண்டாவது மருத்துவர் புதிய காகிதத்தைக் கையில் வாங்கியதும் கேட்டது ஒன்றுதான்: "பழைய ஈ.சி.ஜி. ஏதாவது வச்சிருக்கீங்களா?" பதினான்கு ஆண்டுகளுக்கு முன் காப்பீட்டுக்காக எடுத்தது ஒன்று அப்பாவின் தகரப்பெட்டியில் வீட்டு வரைபடத்தோடு சேர்ந்து கிடந்தது. அந்த வெப்பத்தாளில் எழுத்தெல்லாம் மங்கி வெளுத்துவிட்டிருந்தது. நல்லவேளையாக அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பின்செய்து வைத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் மருத்துவர். அதே பள்ளம், அதே இடம், அதே ஆழம். எதற்கும் இருக்கட்டும் என்று எக்கோ எடுத்தார்கள். இதயச் சுவர் எல்லாப் பக்கமும் சீராக அசைந்தது. இது மாரடைப்பின் தழும்பல்ல, உங்கள் இதயத்தின் கையெழுத்தே இப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மறுமாதம் கண் அறுவை ஆயிற்று. முதல் மருத்துவரை அப்பா ஒரு திருமணத்தில் சந்தித்தபோது தாமே போய் விஷயத்தைச் சொன்னார். அவர் அந்தப் பழைய காகிதத்தைத் தாமும் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

விரிசலைப் பார்க்க வந்த என்ஜினியர் இடிக்கச் சொல்லவில்லை. இடிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை இருபுறமும் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடையாவிட்டால் பூசி வெள்ளையடித்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு மழைக்காலம் அப்படியே இருந்தது. சென்ற கார்த்திகையில் ஒருநாள் காலை அப்பா கூப்பிட்டுக் காட்டினார்: பட்டையின் நடுவே மயிரிழைபோல் ஒரு கோடு. என்ஜினியர் வரும் ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கொத்தனாரையும் அதே நேரத்துக்கு வரச்சொல்லியிருக்கிறோம்.